ரேணுகாம்பாள் அக்காவின் முழங்கை

ரேணுகாம்பாள் அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்கு அவருடைய முழங்கையைத் தெரியும்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு செருப்புக் கடை. அதற்கு மேல் மாடியில் ஏகநாதன் அண்ணாவின் போட்டோ கடை. அங்கே கணினியில் படங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. எங்கள் கடையில் அந்த வேலைக்கே ‘சுத்தம்’ என்றுதான் பெயர். மாப்பிள்ளை முகத்துப் பருவை எடுப்பது, பாஸ்போர்ட் படத்தில் பின்னால் தெரியும் சுவிட்ச் போர்டை வெள்ளையாக்குவது, காதுகுத்துப் படத்தில் ஓரமாக நின்று வடை தின்கிறவரை இல்லாமல் ஆக்குவது, எல்லாமே சுத்தம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு இது பொருந்திப்போனது. யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். உற்றுப் பார்த்தால் போதும்.

எங்கள் கடைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அங்கே படிக்கும் பிள்ளைகள் போட்டோ கிளப் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பஸ் பிடித்து எங்காவது போய்ப் படம் எடுத்து வருவார்கள். பென் டிரைவைக் கொண்டுவந்து, பிடித்த படங்களைப் பொறுக்கிக் கொடுப்பார்கள். பொறுக்கியதை ‘ஓகே’ என்ற ஃபோல்டரில் போடுவேன். சுத்தம் செய்த பிரதி ‘ஃபைனல்’ என்ற ஃபோல்டருக்குப் போகும். கடை ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

“அக்கா, லெஃப்ட் ஓரத்துல ஒரு கை வருது பாருங்க. அத மட்டும் தூக்கிடுங்க” என்று முதலில் சொன்னவன் அருண்ராஜ். அந்தக் கிளப்பின் செயலாளர். ஹம்பியில் விடியும்போது எடுத்த படம் அது. பெரிய பெரிய பாறைகள், அவற்றின்மேல் செங்கல் நிறத்தில் வானம். இடது ஓரத்தில், கத்தரிப்பூ நிற ரவிக்கைக்குக் கீழே ஒரு முழங்கை. அதில் எண்ணெய் தெறித்த தழும்பு மூன்று புள்ளியாக, எறும்பு வரிசை போல இருந்தது. நான் அந்த முழங்கையைப் பாறையாக்கினேன்.

அடுத்து மூணாறு. தேயிலைச் சரிவு, மேகம், மூலையில் அதே மூன்று புள்ளி. இந்த முறை அந்தக் கை ஒரு கறுப்புக் குடையைப் பிடித்திருந்தது. குடையின் ஒரு கம்பி வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தது. கையையும் குடையையும் தேயிலையாக்கினேன். தனுஷ்கோடிப் படத்தில் கடலுக்கு முன்னால் பத்து கால்விரல்கள், இரண்டில் மெட்டி. அவற்றை மணலாக்கினேன். அரக்குப் பள்ளத்தாக்கில் பனிமூட்டத்துக்கு நடுவே கொட்டாவி விடும் ஒரு பாதி முகம். அதைப் பனியாக்கினேன்.

யார் இந்த அம்மா என்று கேட்க ஆசை. ஆனால் பிள்ளைகள் எப்போதும் கூட்டமாக வருவார்கள். கூட்டத்தில் எனக்கு வாய் வராது.

ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வருடம் படிக்கும் தேவதர்ஷினி படம் வாங்க வந்தபோது, கூடவே ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணியும் மாடிப்படி ஏறி வந்தார். கையில் மஞ்சள் ஒயர் கூடை. ஏ.சி.க்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். மூன்று புள்ளி! நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

“இன்னா தங்கச்சி, பேய பாத்தாப்புல பாக்குற?” என்றார்.

“ஒண்ணுமில்லக்கா” என்றேன். தேவதர்ஷினியின் படங்களை எடுத்து உறையில் போட்டேன்.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். கல்லூரி விட்டு ரயிலைப் பிடிக்கப் போகிற வழியில் எங்கள் ஏ.சி.யில் பத்து நிமிடம் உட்காருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிப் பத்துப் பத்து நிமிடமாகத்தான் அவர் கதை எனக்குத் தெரிந்தது.

பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஊரப்பாக்கம். வீட்டுக்காரர் கோபு திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அக்கா கல்லூரியில் லேப் உதவியாளர். கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது, திறப்பது. ஆறு வருடத்துக்கு முன்புவரை அவர் போன தூரமெல்லாம் கிழக்கே மாமல்லபுரம், மேற்கே காஞ்சிபுரம்.

பெண் பிள்ளைகள் வெளியூர் போவதானால் கூட ஒரு பெண் பணியாளர் போக வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்த வருடம் போக இருந்த டீச்சரின் குழந்தைக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல். பஸ் கேட்டில் உறுமிக்கொண்டு நிற்கிறது. பெண் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அக்கா லேப்பைப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமாக வந்தார். துறைத்தலைவர் அவரைப் பார்த்தார். “ரேணுகாம்பாள், நீ ஏறும்மா” என்றார். ஏறிவிட்டார். ஒரு கையில் காலி சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் லேப் சாவி.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்காரருக்குப் போன் செய்ய ஞாபகம் வந்ததாம்.

“எங்க கீற?” என்று கேட்டிருக்கிறார் கோபு.

“பஸ்ஸுல.”

“பஸ்ஸு எங்க கீது?”

“ஆம்பூர் வரப்போவுது.”

“ஊரப்பாக்கம் வர்றதுக்கு ஆம்பூர் வழியா எதுக்குடி சுத்தினு வர்ற?”

மாற்றுத் துணி இல்லை. ஒரு பெண் நைட்டி கொடுத்தாள், ஒருத்தி துப்பட்டா கொடுத்தாள். ஹம்பியில் மூன்று நாள் அப்படியே சுற்றினார். இங்கே கல்லூரியில் லேப் பூட்டை உடைத்தார்கள். அந்தச் சாவியை இன்னும் மஞ்சள் கூடையில் வைத்திருக்கிறார். “முதல் டூரு போன ஞாபகத்துக்கு ஆளாளுக்கு பொம்ம வாங்கினு வருவாங்க. நான் இங்கேர்ந்தே எத்துனு போனேன்” என்று சிரிப்பார்.

ஆறு வருடத்தில் ஒன்பது பயணம் போய்விட்டார், ஹம்பிக்கே இரண்டாம் முறையும். நான் அழித்த ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்டேன். அழித்தவள் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூணாறில் திடீர் மழை. அக்கா குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டு, முழுக்க நனைந்துகொண்டு நின்றார். “கேமரா நனஞ்சா போச்சாம். நான் நனஞ்சா தொடச்சிக்கலாம்ல?” தனுஷ்கோடியில் காற்று கேமரா ஸ்டாண்டைத் தள்ளப் பார்த்தது. அருண்ராஜ் கேட்டுக்கொண்டதால் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்டாண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். சூரியன் இறங்கும்வரை நாற்பது நிமிடம். “அக்கா, மூச்சு விடாதீங்க, ஆடுதுன்றான். அம்மாம் காத்து அடிக்குது, அத வுட்டுட்டு என் மூச்ச புடிக்கச் சொல்றான் பாரு!”

குரூப் படங்களை எடுப்பதும் அவர்தான். எல்லாரும் நிற்க வேண்டுமென்றால் எடுக்க ஒரு ஆள் வேண்டுமே.

இந்த வருடம் கிளப் மேகாலயாவுக்குப் போவதாக முடிவெடுத்தது. விமானத்தில் குவாஹாத்தி போய், அங்கிருந்து வண்டியில். அங்கே மரத்தின் வேர்களைப் பின்னிப் பின்னி ஆற்றுக்குமேல் பாலமாக வளர்க்கிறார்கள் என்று தேவதர்ஷினி போனில் காட்டியதிலிருந்து அக்கா வேறு பேச்சே பேசவில்லை.

“எங்க வூட்டுப் பூவரசு வேரு செவுத்த இடிச்சிட்டு பக்கத்து வூட்டுக்குப் பூந்துகினு கீது, சாமு. வாரத்துக்கு ஒரு சண்ட. அங்க இன்னாடான்னா அதே வேரு பாலம் கட்டுதாம். அதுமேல ஒருவாட்டி நடந்துட்டு வந்து எங்கூட்டுக்காரருக்குச் சொல்லணும். வேரு மேல தப்பு இல்ல, வளக்கறவன் மேலதான்னு.”

ஒரு புதன்கிழமை அந்த ஆசையில் மண் விழுந்தது.

கல்லூரி ஆபீஸுக்கு லோகநாதன் என்று புதிதாக ஒரு சூப்பிரண்டெண்ட் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, காகிதக்காரர். விமானப் பயணம் என்பதால் நிர்வாகம் புதிய விதி போட்டிருந்தது. கூடப் போகிற பெண் பணியாளர் முன்பே மூன்று பயணமாவது போயிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். லோகநாதன் சார் பழைய ரெஜிஸ்டரையெல்லாம் புரட்டினார். எல்லாப் பயணத்திலும் ஒரே வரி: ‘உடன் செல்பவர் – பெண் பணியாளர் 1’. பெயர் இல்லை.

“ஆறு வருசமா என் பேரு பெண் பணியாளர் ஒண்ணாம், சாமு” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று ஏ.சி. பக்கம் போகாமல் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். “வாய்வார்த்தைய ஃபைல்ல ஒட்ட முடியாதும்மா. ஒரு போட்டோவாவது கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பேரை அனுப்பணும்” என்றாராம். வேறு கல்லூரியிலிருந்து சான்றிதழோடு வந்திருந்த ஒரு மேடம் தயாராக இருந்தார். தேவதர்ஷினி போன் முழுக்கத் தேடினாள். எல்லாவற்றிலும் பிள்ளைகள்தான் இருந்தார்கள். அக்கா எடுத்த படத்தில் அக்கா எப்படி இருப்பார்?

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மறுபடியும் வந்தார். அதே வெள்ளிக்கிழமைதான் கிளப்பின் கண்காட்சியும். மூன்று வருடப் பயணங்களிலிருந்து பன்னிரண்டு படங்கள், பெரிய அளவில். எல்லாவற்றையும் சுத்தம் செய்து ‘ஃபைனல்’ ஃபோல்டரில் வைத்துவிட்டு, பிரிண்ட் போட உட்கார்ந்திருந்தேன்.

“சாமு, பசங்க படத்துல எங்கியாவது, ஒரு மூலைலயாவது, நான் கீறனா பாக்குறியா?”

மூலையில் இருந்தவரைத்தான் மூன்று வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? “தேடி வைக்கிறேன்க்கா. காலைல தர்றேன்” என்றேன். அவர் ரயிலுக்குக் கிளம்பினார்.

படி இறங்கும் சத்தம் நின்றதும் ‘ஓகே’ ஃபோல்டரைத் திறந்தேன். சுத்தம் செய்யாத பன்னிரண்டும் அப்படியே இருந்தன. முழங்கை, குடை, மெட்டி, கொட்டாவி. காலையில் முதல் வேலையாக இதில் நாலைந்தைச் சின்ன அளவில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா, படம் பாத்துகினு கீற? பசங்க படத்த பிரிண்ட் வுடு, மணி ஆவுது!” என்று உள்ளேயிருந்து ஏகநாதன் அண்ணா கத்தினார். பதறிப்போய்ப் பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்து பிரிண்ட் கொடுத்துவிட்டு, தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பலகையில் ஒட்டுவதும் பேப்பர் சுற்றிக் கட்டுவதும் அண்ணாவின் வேலை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அண்ணா கட்டி வைத்திருந்த படங்களை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கல்லூரி ஹாலில் இறக்கினேன். அக்காவுக்குப் படம் எடுத்துத்தரக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்று அவசரம். அருண்ராஜ் முதல் பொட்டலத்தைப் பிரித்தான். ‘தனிமை’ என்று தலைப்பு வைத்த அவனுடைய தனுஷ்கோடிப் படம். பக்கத்தில் ஒட்ட ஒரு அட்டையும் எழுதி வைத்திருந்தான்: ‘மனித வாசனையே இல்லாத அந்தக் கரையில் நானும் கடலும் மட்டும்.’

படத்தின் கீழே பத்து விரல்கள் மெட்டியோடு நீட்டிக்கொண்டிருந்தன.

“அக்கா! என்ன இது?” என்றான் அருண்ராஜ். குரல் உடைந்துவிட்டது. “என் தனிமையில யாரோ கால் நீட்டி உக்காந்திருக்காங்க!”

தேவதர்ஷினி தன்னுடையதைப் பிரித்தாள். ‘யாருமற்ற காலை’. அரக்குப் பனியில் ஒரு கொட்டாவி, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறது. இரண்டு விநாடி பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “டேய், நம்ம அக்காடா! நம்ம ரேணு அக்கா!”

எனக்குப் புரிந்துவிட்டது. திறந்து வைத்திருந்தது ‘ஓகே’. பிரிண்ட் போனதும் ‘ஓகே’. கடைக்குப் போன் செய்தேன்.

“ஒட்டும்போது பாக்கலையா அண்ணா?”

“பாத்தனேம்மா. ஒரு அம்மா இருந்தாங்க. டூரு போட்டோன்னா ஆளு இருக்கத்தானே செய்யும்?”

திரும்பப் போட்டு ஒட்டி வர மத்தியானம் ஆகிவிடும். பத்து மணிக்குத் திறப்பு. “தப்பு என்னோடது” என்றேன். இருபது பேர் முன்னால் நான் முழுசாகச் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வேறு வழியில்லாமல் பன்னிரண்டையும் மாட்டினார்கள். அருண்ராஜ் தன் படத்தைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டினான்.

முதலில் வந்த பிள்ளைகள் தலைப்பைப் படித்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடியும் தலைப்பைப் படித்தார்கள். பிறகு வெடித்துச் சிரித்தார்கள். ‘மௌனம்’ என்ற படத்தில் ஒரு முழங்கை மாட்டை விரட்டிக்கொண்டிருந்தது. ‘தொலைந்துபோதல்’ என்ற படத்தில் மஞ்சள் ஒயர் கூடை. அரை மணி நேரத்தில் அது விளையாட்டாகிவிட்டது. யார் எத்தனை படத்தில் அக்காவைக் கண்டுபிடிப்பது என்று போட்டி. வகுப்பு வகுப்பாக வந்தார்கள். தூணுக்குப் பின்னால்தான் கூட்டம் அதிகம்.

“பதினொண்ணு புடிச்சிட்டேன் மச்சான். இந்த ஹம்பி மண்டபத்துல மட்டும் அக்கா இல்ல.”

“இல்லவே இல்லடா. நானும் பாத்துட்டேன்.”

அந்தப் படத்தை எடுத்த பெண்கூட, ‘இல்லை’ என்றுதான் சொன்னாள். எனக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே, பழக்க தோஷத்தில் நானாக அழித்தது அது. இரண்டு பேருக்கு நடுவில் கையை நீட்டி, “அந்தத் தண்ணியில பாருங்க” என்றேன். தூண்களுக்குக் கீழே தேங்கிய மழைத் தண்ணீரில், தலைகீழாக ஒரு குடை. ஒரு கம்பியில் வெள்ளை நூல். அவர்கள் போட்ட கூச்சலுக்கு எதிர் வகுப்பிலிருந்து ஒரு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

தேவதர்ஷினி அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இடுப்பில் சொருகிய சேலையும் ஈரக் கையுமாக வந்தவர், கொட்டாவிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“ஐயய்யோ! வேற நேரமே கெடைக்கலயா உனுக்கு? வாய மூடசொல்லோ எடுக்கக்கூடாதா?” என்று தேவதர்ஷினி முதுகில் ஒரு அடி வைத்தார். பிறகு ஒவ்வொரு படமாக நடந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, முகம் வேறு மாதிரி ஆனது. “இது அந்த மழ அன்னிக்கு... இங்கதான் அந்த மாடு முட்ட வந்துச்சு...” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். பின்னால் கூட்டமும் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டே போனது.

சத்தம் கேட்டு லோகநாதன் சாரும் வந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பன்னிரண்டையும் பார்த்தார். கீழே எழுதியிருந்த ஊரும் தேதியும் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார்: ஹம்பி, மூணாறு, தனுஷ்கோடி, அரக்கு.

“மூணு கேட்டேன். நாலு இருக்கு” என்றார்.

“ஆதாரம் போதுமா சார்?” என்று கேட்டாள் தேவதர்ஷினி.

“போதும். ஆனா ஃபைல்ல ஒட்ட ஒரு படம் வேணும். முகம் தெரியறது அந்தக் கொட்டாவி ஒண்ணுதான். பரவாயில்லையாம்மா?”

“ஒட்டுங்க சார். நான்தான்னு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்றார் அக்கா.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் நான் பக்கத்தில் போய் உண்மையைச் சொன்னேன். “இத்தன நாளா இதெல்லாம் அழிச்சது நான்தான்க்கா. கைய பாறையாக்கினேன். காலை மணலாக்கினேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அடிப்பாவி. மெட்டிய கூடவா?”

“ஆமாக்கா.”

“அது வெள்ளிடி!” என்று சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

நான் கடைக்குக் கிளம்பும்போது அருண்ராஜ் தூணுக்குப் பின்னால் ஏதோ செய்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, பேனாவால் வேறு எழுதி ஒட்டியிருந்தான்: ‘அன்று காற்று பலமாக இருந்தது. ரேணுகாம்பாள் அக்கா நாற்பது நிமிடம் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். நான் அவரை மூச்சுவிட வேண்டாம் என்று சொன்னேன். அவர் விட்டார். படம் ஆடவில்லை.’ தலைப்பை மாற்ற நேரம் இல்லையோ மனம் இல்லையோ, ‘தனிமை’ என்றே இருந்தது.

டிசம்பரில் போய் வந்தார்கள். கோபு தன் டச் போனை அக்காவுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஜனவரியில் ஒரு சாயங்காலம் அக்கா அந்தப் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரே ஒரு படம், அவரே எடுத்தது. பாசி பிடித்த வேர்கள் முறுக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போகின்றன. அவற்றின்மேல் பிள்ளைகள் எல்லாரும் நிற்கிறார்கள். கொஞ்சம் கலங்கிய படம். கீழ் மூலையில், மொத்தப் படத்தில் கால்வாசியை மறைத்துக்கொண்டு ஒரு கட்டைவிரல்.

“பெருசா போடு சாமு. ஹால்ல, பூவரசு பக்கத்து ஜன்னலுக்கு மேல மாட்டணும். எங்கூட்டுக்காரரு தெனம் பாக்கணும்.”

என் கை தானாக மவுஸை அந்த மூலைக்குக் கொண்டுபோனது. “கட்டைவிரல் விழுந்திருக்குக்கா. எடுத்துடவா?”

“எடுத்துட்டீன்னா நான் போனதுக்கு ஆதாரம்?” என்றார்.

விரலை அப்படியே விட்டுவிட்டு, பிரிண்ட் கொடுத்தேன்.